ஆஃபர் லெட்டரையும் டெஸ்ட் பண்ணுங்க



இந்த வார எபிசோடில் வேலை தேடுவது பற்றிப் பேசினோம். ரெஸ்யூமே, இன்டர்வியூ, சம்பளப் பேச்சு எல்லாம் வந்தது. ஆனால் நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற ஒரு கேள்விக்கு நேரம் போதவில்லை. "அண்ணா, தாய்லாந்துல ஒரு ஐடி கம்பெனியில இருந்து ஆஃபர் வந்திருக்கு, நம்பலாமா?" இந்த மடல் அதற்கான பதில். கூடவே, நம்பகமான வேலையைப் பிடிப்பதும் அதில் மனசு ஒட்டி நிலைப்பதும் எப்படி என்று எனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன்.

இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கு. நான் யாங்கோனில், இன்சீனில் இருக்கிற ஆள். தாத்தா காலத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து இங்கே ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, பன்னிரண்டு வருஷமாக கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன். 'தாய்லாந்து வேலை' என்று தமிழ்நாட்டில் விற்கப்படுகிற பொய் வேலைகளில் பல, கடைசியில் வந்து முடிவது நான் இருக்கும் இந்த நாட்டில்தான்.

நடந்தது என்ன

2022 செப்டம்பர் 24 அன்று இந்திய வெளியுறவு அமைச்சகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் 'டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிகியூட்டிவ்' வேலை என்று சொல்லி ஐடி தெரிந்த இளைஞர்களைக் குறிவைக்கிறார்கள். சமூக ஊடக விளம்பரம் மூலமும், துபாயிலும் இந்தியாவிலும் இருக்கும் ஏஜென்ட்கள் மூலமும் பிடிக்கிறார்கள். பிறகு சட்டவிரோதமாக எல்லை தாண்டி, பெரும்பாலும் மியான்மருக்குள் கொண்டுபோய் அடைத்து வைக்கிறார்கள். இதுதான் அதன் சாரம். அடுத்த மாதமே, இப்படி மாட்டிய தமிழர்கள் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்திறங்கினார்கள்.

வழி எப்படின்னா, பாங்காக் விமான நிலையத்தில் ஒருத்தர் உங்கள் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார். ஆபீஸ் நகரத்துக்குள் இருக்கும் என்று நினைத்து ஏறுகிற வண்டி, சுமார் 500 கிலோமீட்டர் ஓடி மே சோட் என்ற எல்லை ஊருக்குப் போகும். அங்கே மோய் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மியாவாடி. ஷ்வே கொக்கோ, கேகே பார்க் என்று செய்தியில் பெயர் படித்திருப்பீர்கள். எல்லாம் அந்த ஆற்றங்கரையில், ஆயுதக் குழுக்களின் பிடியில் வளர்ந்த இடங்கள். உள்ளே போனால் வேலை, பொய் ப்ரொஃபைல் வைத்து வெளிநாட்டுக்காரர்களை ஏமாற்றுவது. மாட்டேன் என்றால் அடி. வெளியே வர வேண்டுமானால் பணம்.

இது சின்ன விஷயம் இல்லை. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படி ஆன்லைன் மோசடி வேலையில் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்ட் அறிக்கையில் மதிப்பிட்டது. மாட்டியவர்களில் பலர் நன்றாகப் படித்தவர்கள், கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள், பல மொழி பேசுகிறவர்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை இரண்டே நாளில் ஊருக்குக் கொண்டுவந்தன.

'படிச்சவன் எப்படி ஏமாறுவான்' என்று சிலர் கேட்கிறார்கள். படித்ததால்தான் ஏமாறுகிறான் என்பேன். பத்தாம் வகுப்பு தாண்டாதவர் வளைகுடா போன்ற நாடுகளுக்கு வேலைக்குக் கிளம்பினால், இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அங்கே ஒரு அதிகாரியாவது ஒப்பந்தத்தைப் பார்ப்பார். டிகிரி வாங்கியவர்களுக்கு அந்த வாசலே கிடையாது. நமக்கு அது வசதிதான், ஆனால் நம் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேறு யாரும் இல்லை, நாம்தான் பார்க்கணும்.

ஆறு டெஸ்ட் கேஸ்

காரைக்குடிப் பக்கம் எனக்குத் தம்பி முறையாகும் ஒரு பையன் இருக்கான். போன வருஷம் ஒரு ஆஃபர் லெட்டரை அனுப்பி, "அண்ணே, பாங்காக் கம்பெனி. டிக்கெட், ரூம் எல்லாம் அவங்களே பார்த்துக்கிறாங்களாம். கிளம்பட்டுமா?" என்று கேட்டான். அவனோடு உட்கார்ந்து பார்த்த பட்டியல்தான் இது. யார் வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் செய்யலாம்.

1. பதிவு எண். தாய்லாந்தில் பதிவான நிறுவனத்துக்கு 13 இலக்க எண் உண்டு. அந்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறையின் தளத்தில் தேடலாம். இந்தியக் கம்பெனிக்கு 21 எழுத்தும் எண்ணும் கலந்த சிஐஎன்; கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். சிங்கப்பூருக்கு யூஇஎன், பிஸ்ஃபைல் தளத்தில் பார்க்கலாம். எண் இருந்தால் மட்டும் போதாது. என்ன தொழில் என்று பதிந்திருக்கிறார்கள், எப்போது தொடங்கினார்கள் என்பதையும் பாருங்க.

2. டொமைன் வயசு. மெயில் வந்த முகவரியின் டொமைனை ஹூஈஸ் தேடலில் போடுங்க. 'பத்து வருஷ அனுபவம்' என்று சொல்கிற கம்பெனியின் டொமைன் ஐந்து வாரத்துக்கு முன் வாங்கினதாக இருந்தால், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

3. இன்டர்வியூவின் கஷ்டம். என் பட்டியலில் முக்கியமானது இதுதான். லாவோஸில் உள்ள இந்தியத் தூதரகம் தன் எச்சரிக்கையில், இந்த ஏஜென்ட்கள் ஒரு எளிய இன்டர்வியூவும் டைப்பிங் டெஸ்ட்டும் வைத்து, பெரிய சம்பளம், ஹோட்டல், விமான டிக்கெட் எல்லாம் தருவதாகச் சொல்லி ஆள் எடுக்கிறார்கள் என்று எழுதியது. உங்கள் மூளைக்குச் சம்பளம் கொடுக்கிறவன் மூளையைச் சோதிப்பான். டைப்பிங் வேகத்தை மட்டும் பார்க்கிறவனுக்கு வேண்டியது உங்கள் விரல்.

4. விசா. தாய்லாந்தில் ஒரு கம்பெனியில் முறையாக வேலை செய்ய அதற்கான விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். விசா இல்லாமல் உள்ளே போகும் சலுகை சுற்றுலாவுக்கும் குறுகிய வணிகப் பயணத்துக்கும்தான். "வந்துடுங்க, இங்க மாத்திக்கலாம்" என்றால் வேண்டாம். சிங்கப்பூர் என்றால், கிளம்பும் முன்பே மனிதவள அமைச்சகத்தின் முன் ஒப்புதல் கடிதம் கையில் இருக்கணும்.

5. பணம் எந்தப் பக்கம் போகுது. இந்தியாவில் பதிவு பெற்ற வெளிநாட்டு வேலை ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. யார் பதிவு பெற்றவர் என்ற பட்டியல் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கு. தமிழ்நாடு அரசே நடத்தும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கு, அங்கும் விசாரிக்கலாம். இன்னொரு பக்கமும் கவனிங்க: ஒரு பைசா கேட்காமல் எல்லாச் செலவையும் அவங்களே ஏற்றால், 'உனக்கு இவ்வளவு செலவு பண்ணியிருக்கோம், அடைச்சிட்டுப் போ' என்று பின்னால் அதுவே கடனாகி நிற்கலாம்.

6. நீங்களே தேடிப் பிடித்த ஒரு ஆள். கம்பெனி கொடுக்கிற நம்பர் கணக்கில் வராது. அங்கே வேலை செய்கிற ஒருத்தரை நீங்களாக லிங்க்ட்இன்னிலோ நண்பர்கள் வழியாகவோ கண்டுபிடித்துப் பேசுங்க. ஒருத்தர்கூடக் கிடைக்கவில்லை என்றால் அதுவே பதில்.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் சந்தேகப்பட்டா எங்கயும் போக முடியாதுண்ணே."

"சந்தேகம் இல்லடா, டெஸ்ட். கோடு எழுதி டெஸ்ட் பண்ணாம ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்புவியா?"

கடைசியில் பதிவு எண்ணும் விசா வகையும் கேட்டு மெயில் போட்டான். "ரெண்டு சீட்தான் இருக்கு, இன்னிக்கே முடிவு சொல்லணும்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. திரும்பவும் கேட்டதும் பிளாக் பண்ணிவிட்டார்கள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் சப்போர்ட் வேலையில் இருக்கான். அந்த ஆஃபரில் சொன்ன சம்பளத்தில் பாதிகூட இல்லை. ஆனால் தினமும் சாயங்காலம் ரூமுக்குத் திரும்புகிறான், ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோ கால் போடுகிறான்.

அவங்க உங்களை எப்படிச் சரிபார்ப்பாங்க?

இதே கேள்வியைத் திருப்பிப் போடுங்க. ஒரு நல்ல கம்பெனி உங்கள் ரெஸ்யூமேவைப் பார்க்கும்போது, அதில் சரிபார்க்கக்கூடிய வரி எத்தனை? 'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து செயல்படுபவர்', 'பைதான், ஜாவா, எஸ்க்யூஎல் தெரியும்': இதில் எதையும் யாரும் சரிபார்க்க முடியாது.

எனக்கு இது சீக்கிரமே உறைத்ததற்குக் காரணம் ஊர்தான். வெளிநாட்டில் இருக்கிற கிளையன்ட் 'இன்சீன்' என்று தேடினால் முதலில் வருவது சிறைச்சாலை. ஆங்கிலேயர் காலத்துத் தொழில்நுட்பக் கல்லூரியும் ரயில்வே பட்டறையும் இந்த ஊரில்தான் இருக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. 2021 பிப்ரவரிக்குப் பிறகு நாடு இருக்கும் நிலைமையும் செய்தியில் வரும். அவர் என்னை நம்ப என் வார்த்தை போதாது. அவரே திறந்து பார்க்கக்கூடிய வேலை வேண்டும்.

எனக்கு அப்படி வழி திறந்தது, யாருக்கும் பிடிக்காத ஒரு வேலையில். மியான்மரில் நீண்ட காலம் பெரும்பாலான ஃபோன்களில் இருந்தது ஜாஜி என்ற எழுத்துரு. நம்மூரில் பாமினியிலோ டிஸ்கியிலோ அடித்த பழைய ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் உளறும் இல்லையா, அதே குடும்பத்துப் பிரச்சினைதான். ஆனால் ஜாஜி ஒரு படி மோசம். யூனிகோடு பர்மிய மொழிக்கு ஒதுக்கிய அதே எண்களை எடுத்து, வேறு அர்த்தத்தில் பயன்படுத்தியது. அதனால் ஒரு வரியைப் பார்த்து இது ஜாஜியா யூனிகோடா என்று கம்ப்யூட்டரால் நேரடியாகச் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும். தேடல் வேலை செய்யாது. ஒரே பெயர் இரண்டு விதமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஷான், மோன், கரேன் மொழிகளுக்கான எண்களும் மிதிபட்டன. 2019 அக்டோபர் 1 அன்று நாடே யூனிகோடுக்கு மாறுவதாக அரசு நாள் குறித்தது.

அந்த நேரத்தில் எல்லோரும் ஆப் எழுதுகிற வேலைக்கு ஓடினார்கள். நான் பழைய டேட்டாபேஸ்களை மாற்றும் வேலையை எடுத்தேன். கூகுளின் மியான்மர் டூல்ஸ், ராபிட் என்று திறந்த மூல மாற்றிகள் ஏற்கெனவே இருந்தன. கஷ்டமான பகுதி மாற்றுவது இல்லை. ஒரே டேபிளில் இரண்டும் கலந்திருக்கும்போது எந்த வரியைத் தொடக்கூடாது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். செய்த முறையை ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, கிளையன்ட் பெயர் இல்லாமல், மாதிரி டேட்டாவோடு கிட்ஹப்பில் போட்டேன். அடுத்து வந்த வேலைகளில் பாதி அந்தக் குறிப்பைப் படித்தவர்களிடமிருந்து வந்தவை. ரெஸ்யூமேவைக் கேட்டவர்கள் குறைவு.

இதிலிருந்து நான் சொல்ல வருவது மூன்று விஷயம்.

ஒன்று, பக்கத்தில் இருக்கிற, அலுப்பான, ஆனால் நிஜமான பிரச்சினையை எடுங்க. தமிழ்நாட்டில் இன்னும் எத்தனை சங்கம், அச்சகம், கோயில் அலுவலகத்தில் பழைய எழுத்துரு ஃபைல்கள் கிடக்குது! ஓப்பன்-தமிழ் போன்ற பைதான் நூலகம் இருக்கு. ஒரு அலுவலகத்தின் ஃபைல்களை ஒழுங்கா மாற்றிக் கொடுத்தால், அது நூறு டுடோரியல் சர்டிஃபிகேட்டைவிடக் கனமானது.

இரண்டு, ரெஸ்யூமேயில் ஒவ்வொரு வரியையும் 'என்ன இருந்தது, என்ன செய்தேன், எப்படித் தெரியும்' என்று எழுதுங்க. 'எஸ்க்யூஎல் தெரியும்' என்பதை எடுத்துவிட்டு, 'கடையின் மூன்று வருஷ பில் விவரத்தை எக்செல்லிலிருந்து போஸ்ட்கிரேஸுக்கு மாற்றினேன். மாதக் கணக்கு முன்பு ஒரு நாள் எடுக்கும், இப்போது ஐந்து நிமிஷம். ஸ்கிரிப்ட் இங்கே' என்று போடுங்க. படிக்கிறவர் லிங்கை அழுத்தினாலே போதும், நீங்க அவர் மனசில் ஆள் ஆகிவிட்டீங்க.

மூன்று, இருநூறு இடத்துக்கு ஒரே ரெஸ்யூமேவை வீசாதீங்க. பதினைந்து கம்பெனியைத் தேர்ந்தெடுத்து, அவங்க ப்ராடக்ட்டைப் பயன்படுத்திப் பார்த்து, கண்ணில் பட்ட ஒன்றைச் சொல்லி மெயில் போடுங்க. "உங்கள் தளத்தில் தமிழில் பெயர் தேடினால் வரமாட்டேங்குது, காரணம் இதுவாக இருக்கலாம்" என்று நாலு வரி. பதில் வராத மெயிலும் உங்களுக்குப் பயிற்சிதான்.

கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவர்களுக்கு

நிரந்தர வேலையை விட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் மூன்று விதி.

எழுத்தில் ஒரு பக்கம். என்ன செய்வேன், என்ன செய்யமாட்டேன், எப்போது முடியும், எப்போது பணம். முன்பணம் இல்லாமல் புது கிளையன்டுக்கு வேலை தொடங்குவதில்லை. முன்பணம் தரத் தயங்குகிறவர் முழுப் பணத்துக்கும் தயங்குவார்.

எந்தக் கரன்சி, எந்த நாள் ரேட். 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று மத்திய வங்கி நிர்ணயித்தது. வெளிச்சந்தை விலை அதைவிட வெகுதூரம் ஏறிவிட்டது. ஒரு உள்ளூர் கிளையன்ட் எனக்குத் தரவேண்டியதை மூன்று மாதம் தள்ளினார். 'பணம் கைக்கு வரும் நாளின் ரேட்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததால் தப்பித்தேன். ரூபாயோ கியாட்டோ, அந்த ஒரு வரியை விடாதீங்க.

உங்கள் குறையை நீங்களே முதலில் சொல்லுங்க. எங்கள் தெருவில் மின்சாரம் முறை வைத்துத்தான் வரும். 2021 மார்ச் நடுவிலிருந்து மொபைல் இன்டர்நெட்டை நாடு முழுக்க நிறுத்தியபோது எத்தனையோ பேருடைய வேலை ஒரே நாளில் போனது. அனுமதியில்லாமல் விபிஎன் சேவை நடத்துவது இப்போது 2025 சைபர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் என் ப்ரொபோசலின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுவேன்: இன்வெர்ட்டர் எத்தனை மணி நேரம் தாங்கும், எத்தனை இணைப்பு இருக்கு, லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் வரும், நான் இல்லாமல் வேலையைத் தொடர ரீட்மீ எங்கே. இதைப் படித்து ஓடியவர்கள் உண்டு. ஓடாதவர்கள் வருஷக்கணக்கில் இருக்காங்க. ஊர் எதுவானாலும் இது பொருந்தும்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால், அதையும் முதலிலேயே சொல்லிவிடலாம்.

மனசுக்குப் பிடிச்ச வேலை

இங்கே என் வயசுக்காரர்களில் பலர் கிளம்பிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில், 18 முதல் 35 வயது ஆண்களுக்கும் 18 முதல் 27 வயது பெண்களுக்கும் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலாகும் என்று அறிவிப்பு வந்த பிறகு இன்னும் அதிகம். போனவர்களையும் குறை சொல்ல மாட்டேன், இருக்கிறவர்களையும் சொல்ல மாட்டேன். ஆனால் 'உனக்குப் பிடிச்சதைச் செய்' என்ற அறிவுரை இந்த மாதிரி இடத்தில் நிற்காது. பிடித்தது எது என்று தேடிக்கொண்டிருக்க நேரமும் பணமும் யாரிடம் இருக்கு?

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் மனிதர்களை உள்ளிருந்து இயக்குவது மூன்று தேவைகள் என்றார்கள். நம் பாஷையில் சொன்னால்: கொஞ்சமாவது நம் முடிவு என்று ஒன்று இருக்கணும், செய்வது நமக்குக் கைவரணும், யாரோடயாவது ஒட்டுதல் இருக்கணும். நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதுவேன். இந்த வாரம் நானாக முடிவெடுத்தது எது? முன்பைவிட நன்றாகச் செய்தது எது? யாருக்குப் பயன்பட்டது, பெயரோடு? மூன்றாவது வரி மாதக்கணக்கில் காலியாக இருந்தால் கிளையன்டை மாற்றும் நேரம் என்று எடுத்துக்கொள்வேன், சம்பளம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

ஜாஜி வேலைகளில் ஒன்று இங்கே ஒரு சின்ன கிளினிக்கின் நோயாளிப் பதிவேடு. அங்கிருந்த நர்ஸ் அக்கா பெயரைத் தேடினால் கிடைக்காது என்பதால், வருகிற ஒவ்வொருவருக்கும் புதுசாக ஒரு பதிவு போட்டுக்கொண்டிருந்தார். பழைய மருந்து விவரம் எல்லாம் வேறெங்கோ கிடந்தது. மாற்றி முடித்த அன்று ஒரு பாட்டியின் பெயரை அடித்தார். நாலு வருஷ விவரம் ஒரே திரையில் வந்தது. "அட, பாட்டிக்கு அந்த மாத்திரை ஒத்துக்காதுன்னு இதுல எழுதியிருக்கே" என்று பர்மிய மொழியில் சொன்னார். அந்த வேலைக்குக் கிடைத்த பணம் சொற்பம். இந்தத் தொழிலில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணங்களில் அதுவும் ஒன்று.

இந்த வாரம் இரண்டு வேலை மட்டும் செய்யுங்க. உங்கள் ரெஸ்யூமேயில் யாராலும் சரிபார்க்க முடியாத ஒரு வரியை எடுத்து, சரிபார்க்கக்கூடிய ஒரு வரியைப் போடுங்க. அப்புறம், மேலே இருக்கிற ஆறு டெஸ்ட்டையும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்ப இருக்கும் ஒருத்தருக்கு அனுப்புங்க. உங்கள் தெருவில், உங்கள் காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் நிச்சயம் ஒருத்தர் இருப்பார். அவருக்கு டிக்கெட் போட்டாச்சுன்னா, இன்னிக்கே அனுப்புங்க.

ஆஃபர் லெட்டர் பற்றிச் சந்தேகம் இருந்தால் இந்த மடலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.

அன்புடன்,
இன்சீனிலிருந்து